பெட்டியில் கீறிய மயிலும் வாசிகசாலை மதிலும்

சென்ற ஆவணி மாதம் எங்கள் ஊர் வாசிகசாலையில் மூன்று நாட்கள் நடைபெற்ற ஓவியக் கண்காட்சிக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த படைப்பு, லாண்ட்மாஸ்ரர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியொன்றின் பின்பலகை. அதனைக் கொளுவியிலிருந்து கழற்றி, உரச்சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருவர் குறுக்காக அணைத்துப் பிடித்திருக்க, விடியற்காலையிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். சாக்கை அவிழ்த்தபோது தோகை விரித்த மயிலொன்று தெரிந்தது. அதன் இரு பக்கமும் இரண்டிரண்டு மாம்பழங்கள், மேலே வளைந்து செல்லும் ‘அம்மன் துணை’ என்ற எழுத்துகள், கீழ்விளிம்பில் நெல்மூட்டைகள் உரசி வெளிறிய நீளக் கோடு. பிணைச்சல் இடுக்கில் போன போகத்து நெல்மணிகள் இரண்டு மூன்று இன்னும் சிக்கியிருந்தன. துடைக்க வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்து நீர் பாயும் ஊர்களில் ஒன்றில் சித்திரப் பாடம் கற்பிக்கும் ஆசிரியை நான். இந்தக் கண்காட்சியைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதங்களாக எண்ணியிருந்தேன். அதற்கான காரணம் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒரு நிகழ்விலிருந்து தொடங்குகிறது. அயல் நகரமொன்றில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு என் மாணவர்களின் படங்களோடு, எங்கள் ஊரில் போட் எழுதும், அதாவது கடைப் பெயர்ப்பலகைகள் எழுதும், அண்ணர் ஒருவரின் பலகை இரண்டையும் எடுத்துச் சென்றேன். பொறுப்பாக நின்றவர் அவற்றைப் பார்த்துவிட்டு, “ரீச்சர், இது சித்திரக் கண்காட்சி. போட் எழுதிற ஆக்களுக்கு வேற இடம் இருக்கு” என்றார். பலகைகள் சைக்கிள் கொட்டகையில் சாத்தி வைக்கப்பட்டன. அண்ணர் ஒன்றும் பேசவில்லை. மாலையில் அவற்றைத் தானே கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். அன்று நானும் வாதாடாமல் நின்றுவிட்டேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

மேற்கு நாடுகளில் இத்தகைய கலைக்கு ‘லோபுரோ’ என்ற பெயர் வழங்குகிறது. தாழ்ந்த நெற்றி என்பது அதன் நேர்ப்பொருள். மண்டையின் வடிவத்தைக் கொண்டு மனிதரின் அறிவை அளந்துவிடலாம் என்று பலர் நம்பிய 19ஆம் நூற்றாண்டில், நெற்றி உயர்ந்தவர் அறிவும் இரசனையும் மிக்கவர், நெற்றி தாழ்ந்தவர் அவை குறைந்தவர் என்ற எண்ணத்திலிருந்து அந்தச் சொல் பிறந்தது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1960களின் பிற்பகுதியிலிருந்து, சித்திரக்கதைப் புத்தகங்கள், பழைய கார்களைப் பிரித்துச் சேர்த்து வர்ணம் தீட்டும் பட்டறைகள், பங்க் இசை ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த ஓவியர்கள், தங்களை ஏற்காத கலைக்கூடங்களை நோக்கி அதே சொல்லைத் தம் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுள் முன்னோடியான ரொபர்ட் வில்லியம்ஸ் 1979இல் தம் ஓவியத் தொகுப்பின் தலைப்பிலேயே அதனை வைத்தார். 1994இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய ஜக்ஸ்டபோஸ் என்ற சஞ்சிகை அந்த ஓவியங்களை உலகெங்கும் கொண்டுசென்றது.

இதில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. வில்லியம்ஸ் இளமையில் வேலை செய்த இடம் எட் ரொத் என்பவரின் கார்ப் பட்டறை. வாகனத்தின் தகரத்தில் படம் வரையும் பட்டறையில் வளர்ந்த ஒருவரின் ஓவியம், பிற்காலத்தில் கலைக்கூடங்கள் தேடி வாங்கும் ஓவியமாயிற்று. ரொத் உருவாக்கிய ராட் ஃபிங்க் என்ற பச்சை எலி, மிக்கி மவுசுக்கு மறுமொழியாகப் பிறந்த அழுக்கு எலி. நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பிரெஞ்சு ஓவியர்களின் பெயர்களை ஆண்டு வாரியாக மனனம் செய்தேன். வாகனத் தகரமும் ஓவியத் தளம்தான் என்பதை அங்கே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பெட்டிகளைப் பார்த்தே அதைக் கற்றேன்.

அந்த மயிலைக் கீறியவரும் அதே அண்ணர்தான். அவர் வேலை செய்வதை ஒரு நாள் முழுவதும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து, சிவப்பு ஒக்சைட் பூசி, அது காய்ந்தபின் மஞ்சள் எனாமலை இரண்டு முறை அடித்து வைத்திருந்தார். சோக்கட்டித் தூள் தேய்த்த நூலின் இரு முனைகளையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட, பலகையில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடொன்று விழுந்தது. அவ்வாறு நான்கு கோடுகள் போட்டார். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரண்டு கோடுகளுக்குள் அடங்கிவிடும். தமிழ் எழுத்து அடங்காது. ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் சுழிகள் மேலே ஏறும், ‘து’, ‘மூ’ ஆகியவற்றின் கால்கள் கீழே இறங்கும், புள்ளிக்கும் தலைக்கு மேலே இடம் வேண்டும். ‘துணை’ என்ற சொல்லில் ‘ணை’ எவ்வளவு அகலத்தை விழுங்கும் என்பதை முன்னமே கண்ணால் அளந்து கொண்டால்தான் கடைசி எழுத்து விளிம்பில் நெரிபடாமல் நிற்கும். ஒரு முனையில் துணிப்பந்து கட்டிய தடியை இடக்கையால் பலகையில் ஊன்றி, அதன்மேல் வலது மணிக்கட்டைத் தாங்கி, மூச்சை அடக்கி அவர் ‘ம’வின் வளைவை ஒரே இழுப்பில் முடித்ததைப் பார்த்தபோது, உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் கைக்கட்டுப்பாடு எவ்வளவு குறைவானது என்று உணர்ந்தேன். மயிலின் கண்ணை அவர் கடைசிவரை வைக்கவில்லை. கோயில் விக்கிரகங்களுக்குக் கண் திறப்பதைப் போல, மறுநாட் காலையில் முகம் கழுவி, திருநீறு பூசிவிட்டு வந்து, கறுப்பில் ஒரு புள்ளி, அதற்குள் வெள்ளையில் ஒரு பொட்டு வைத்தார்.

மாம்பழம் ஏன் என்று கேட்டேன். முருகனுடைய மயில், ஆகவே ஞானப்பழம் என்ற விடையை எதிர்பார்த்திருந்தேன். அவர் சொன்னது வேறு. போரில் இடம்பெயர்ந்து 2009இல் செட்டிகுளம் மனிக்பாம் அகதி முகாமில் இருந்தபோது, கூடாரங்களுக்கு இலக்கம் எழுதும் வேலையை இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். “எல்லாத் தறப்பாளும் ஒரே வெள்ளை, ரீச்சர். சின்னப்பிள்ளையள் தண்ணிக்குப் போய்த் திரும்பி வரேக்க இடம் மாறிப் போகுதுகள். இலக்கம் வாசிக்கத் தெரியாது. அதுக்காண்டி ஒவ்வொண்டிலயும் ஒரு படம் கீறிவிட்டன். ஒண்டில கோழி, ஒண்டில குடை, எங்கட கூடாரத்தில மாம்பழம்.” குறைந்துபோன கறுப்பு மையில் மண்ணெண்ணெய் கலந்து நீட்டிக் கீறியதாகச் சொன்னார். அன்றிலிருந்து அவர் கீறும் எல்லாப் பெட்டியிலும் எங்காவது ஒரு மாம்பழம் இருக்கும். தெருவோரக் கலைக்கு நான் அறிந்த வரைவிலக்கணங்கள் பல உண்டு. அந்தக் கூடாரத்துக் கோழியையும் குடையையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் எந்த நாட்டிலும் கேள்விப்படவில்லை.

அவருடைய தொழில் இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டது. போருக்குப் பின்னர் ஏ9 வீதியோடு மின்சாரமும் பனர் அச்சடிக்கும் இயந்திரங்களும் வந்தன. சலூன், தையற்கடை, பஞ்சர் ஒட்டும் கடை, பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே இயந்திரத்தால் ஒரே எழுத்துருவில் வெளிவருகின்றன. பனர் மலிவானது, விரைவானது, அதனைக் குறை சொல்லி ஆவதொன்றில்லை. பெட்டிகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. சேறும் வெயிலும் பட்டுப் பனர் ஒரு போகம்கூடத் தாங்காது, எனாமல் ஆறேழு ஆண்டுகள் தாங்கும்.

கண்காட்சியை ஒழுங்குசெய்யும்போது எங்களிடையே நீண்ட விவாதம் நடந்தது, எதை எங்கே மாட்டுவது என்பதைப் பற்றி. ஒருவர் ‘உண்மையான ஓவியங்களை’ உள்ளே மண்டபத்திலும் ‘நாட்டுப்புற வேலைகளை’ வெளியே பந்தலிலும் வைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சைக்கிள் கொட்டகை எனக்கு மறக்கவில்லை. எல்லாம் ஒரே மண்டபத்தில், ஒரே உயரத்தில், ஒரே அளவான பெயரட்டையோடு இருக்க வேண்டும் என்று கேட்டேன். படத்தின் நடுப்பகுதி பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருக்கும்படி மாட்டுவது கண்காட்சிகளின் பொதுவழக்கம். எனக்கு அதை ஆழமாக உணர்த்தியது கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் தொடங்கிய போராட்டக் கொட்டகைதான். காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களை அந்தத் தாய்மார் வரிசையாக, மழை படாமல், வந்து நிற்பவரின் முகத்துக்கு நேரே முகம் வரும்படி தொங்கவிட்டிருந்தார்கள். அதனைக் கண்காட்சி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் ஒரு படத்தை எந்த உயரத்தில் வைத்தால் அதைக் கடந்து போக முடியாது என்பதை நான் அங்கே நின்றபோதே விளங்கிக்கொண்டேன்.

நியூயோர்க் நகரின் தெற்கு புரொங்ஸ் பகுதியில் 1978இல் தொடங்கிய பாஷன் மோடா என்ற சிறு கலைக்கூடத்தைப் பற்றியும் அந்த விவாதத்தில் சொன்னேன். எரிந்தும் இடிந்தும் கிடந்த வறிய அயலில், ஒரு கடை அறையில் இயங்கிய இடம் அது. ஜோன் ஏஹேர்ன் என்ற சிற்பி அங்கே அயலவரின் முகங்களை உயிரோடிருக்கும் ஆட்களின் மீதே அச்செடுத்து, வர்ணம் தீட்டிச் சுவரில் மாட்டினார். அவரோடு சேர்ந்துகொண்ட ரிகொபெர்ட்டோ டொரெஸ் என்ற இளைஞர், தன் மாமனின் பட்டறையில் சமயச் சிலைகளை வார்த்துப் பழகியவர். சுரூபம் வார்ப்பவரையும் கலைக்கூடச் சிற்பியையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது அந்தக் கடை அறை. 1980 ஜூன் மாதத்தில் டைம்ஸ் சதுக்கத்தருகே ஒரு பழைய கட்டடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்கள் கூடி நடத்திய கண்காட்சியில், தெருச்சுவரில் எழுதிய இளைஞர்களின் வேலைகளும் கலைக்கல்லூரியில் படித்தவர்களின் வேலைகளும் ஒன்றாகவே வைக்கப்பட்டன. பின்னாளில் உலகம் அறிந்த ஓவியர்களான பஸ்கியாவும் கீத் ஹாரிங்கும் அதில் இருந்தார்கள்.

எங்கள் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கொழும்பில், ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரிலான மன்றம் 1993இல் தொடங்கிய கலா பொல, ஓவியர்கள் தெருவோரத்தில் தாமே நின்று தம் படைப்புகளைக் காட்டி விற்கும் திறந்தவெளிச் சந்தை. அங்கே வாங்குபவரும் வரைந்தவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது எனக்குப் பிடித்தது. ஆனால் வன்னியிலிருந்து ஒரு பெட்டிப் பலகையைக் கொழும்புவரை கொண்டுபோக யாராலும் முடியாது. ஊருக்குள்ளே நடந்தால்தான் பெட்டிக்காரர் பின்பலகையைக் கழற்றித் தருவார், மூன்று நாள் முடிந்ததும் பூட்டிக்கொண்டு ஏற்று வேலைக்குப் போவார்.

பெயரட்டை எழுதும் வேளைதான் எல்லாவற்றிலும் கடினமானது. கடைப் பலகைகளின் மூலையில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் ஒரு பெயரைச் சிறிதாக எழுதும் வழக்கம் முன்பு இருந்தது. அது கடையின் பெயர், ஆளின் பெயர் இல்லை. பெட்டிகளில் அதுவும் கிடையாது.

“அண்ணை, உங்கட முழுப்பேரைச் சொல்லுங்கோ” என்றேன்.

“என்ர பேரோ? பெட்டிக்காரற்ற பேரைப் போடுங்கோ ரீச்சர், அவர்தானே காசு தந்தவர்.”

“கீறினது நீங்கள்தானே.”

அவர் சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தந்தை பெயரோடு சேர்த்துத் தன் பெயரைச் சொன்னார். அதன் கீழே ‘தகரத்தில் எனாமல்’ என்றும் ஆண்டையும் எழுதினேன். அருகே தொங்கிய உயர்தர மாணவியின் நீர்வர்ணப் படத்துக்கும் அதே அளவான அட்டை, அதே வரிசையான விபரங்கள்.

மற்றப் படைப்புகளுள் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் தரத்தில் படிக்கும் மாணவன் ஒருவன், கணிதக் கொப்பியின் பின்பக்கங்களில் நீலக் குமிழ்முனைப் பேனாவால் ஒரு சித்திரக்கதை கீறியிருந்தான். வகுப்பில் அதைப் பிடித்த ஆசிரியர் என்னிடம் கொண்டுவந்து தந்தார். கதையின் நாயகி ஒரு தாய். தலையில் கண்ணாடி மறைப்பு, மார்பில் நீலக் கவசம், கையில் ஒலியெழுப்பும் கருவி. அவள் பறப்பதில்லை, அடிப்பதில்லை. முழந்தாளில் இருந்து நிலத்தை ஒரு சாண் ஒரு சாணாகத் தோண்டுவாள். ஒவ்வொரு கட்டத்திலும் அவள் தோண்டித் தாண்டிய நிலம் மட்டும் வெள்ளையாகி வர, மீதி நிலம் பேனாக் கோடுகளால் கறுத்திருக்கும். பன்னிரண்டாம் பக்கத்தில் நிலம் முழுதும் வெறும் கடதாசியாகிவிடுகிறது. வன்னியில் மிதிவெடி அகற்றும் பணியில் பெருமளவு பெண்கள் வேலை செய்கிறார்கள், அவனுடைய தாயும் அவர்களுள் ஒருவர். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, அந்தப் பலகைக்கு அப்பால் போகும் ஆளை நாயகியாக்கியிருக்கிறான். கொப்பியைப் பிரித்துப் பக்கங்களைச் சட்டமிடலாம் என்று சிலர் சொன்னார்கள். முதற்பக்கத்தில் கணக்கும் பின்பக்கத்தில் கதையுமாக இருப்பதே அதன் உயிர் என்று நான் நினைத்ததால், கொப்பியை முழுதாகவே ஒரு மேசையில் வைத்து, புரட்டிப் பார்க்கும்படி விட்டோம். இரண்டாம் நாள் மாலை வேலை முடிந்து வந்த தாய் அதனை நின்றபடியே கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அன்றுதான் அவர் அதை முதல்முறை பார்த்தார்.

முன்பள்ளிச் சுவர்ப் படங்களை எடுத்துவர முடியாதென்பதால் அவற்றின் நிழற்படங்களை வைத்தோம். மீள்குடியேற்றத்தின் பின்னர் கட்டப்பட்ட முன்பள்ளிகளில் மிக்கி மவுசு இல்லாத சுவர் அரிது. அந்தப் படங்களைக் கலையென்று ஏற்க மறுப்போர் சொல்லும் காரணம், அவை பார்த்துக் கீறியவை, அதுவும் பிழையாகக் கீறியவை என்பது. மூல மிக்கிக்கு ஒரு கையில் நான்கே விரல்கள். எங்கள் முன்பள்ளி மிக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்து. கீறியவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு கீறியிருக்கிறார். அந்த ஐந்தாவது விரலில்தான் கீறியவர் இருக்கிறார் என்று நான் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன்.

சிறுவர்களுக்காக ஒரு மூலையில் கறுப்புக் கடதாசியை ஒட்டி வெள்ளைச் சோக்கட்டிகளை வைத்திருந்தோம். கீத் ஹாரிங் 1980களின் தொடக்கத்தில் நியூயோர்க்கின் நிலக்கீழ் ரயில் நிலையங்களில், வெறுமையான விளம்பர இடங்களை மூடியிருந்த கறுப்புத் தாளில் சோக்கட்டியால் வரைந்தே பெயர் பெற்றார் என்பதை ஒரு சிறு குறிப்பாக எழுதி வைத்தேன். குறிப்பை வாசித்த பிள்ளைகள் குறைவு. தாள் மூன்று முறை மாற்ற வேண்டியதாயிற்று.

இனி மதிலுக்கு வருகிறேன். தெருவோரக் கலைக்கு முதலில் மதில் வேண்டும். வன்னி, மதில்களின் நாடில்லை. இது வேலிகளின் நாடு. கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வரிந்து, அண்மைக்காலத்தில் முட்கம்பி இழுத்து எல்லை காத்து வருகிறோம். தளிர்க்கும் வேலியில் வர்ணம் பூச முடியாது. எங்களிடம் உள்ள மதில்கள் பாடசாலை, கோயில், கூட்டுறவுச் சங்கம், வாசிகசாலை போன்ற பொதுவிடங்களுடையவை. ஆகவே இங்கே ஒரு சுவரில் வரைவது, ஒருவரின் சொத்தில் இரகசியமாக எழுதும் நியூயோர்க் இளைஞரின் செயலைப் போன்றதில்லை. எல்லாருக்கும் உரித்தான ஒன்றில் எல்லார் கண்முன்னும் வரைவது.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, நாடெங்கும் இளைஞர்கள் தூரிகையோடு மதில்களுக்கு இறங்கினார்கள். தெற்கில் மன்னர்களும் இயற்கைக் காட்சிகளும் இராணுவத்தினரைப் போற்றும் படங்களும் தோன்றின. அந்த அலை வடக்கையும் தொட்டது. எங்கள் பிள்ளைகளும் உற்சாகத்தோடு கேட்டார்கள். அப்போது நான் தயங்கினேன். எதை வரைவது என்ற முடிவை ஊர் எடுக்காமல், நாடு முழுதும் வீசும் ஓர் அலை எடுத்துவிடும் என்ற பயம் எனக்கிருந்தது. இந்த முறை கண்காட்சியோடு சேர்த்து வாசிகசாலையின் வீதிப்பக்க மதிலைத் தருவதாக நிர்வாகம் சொன்னபோது, முடிவெடுக்க ஒரு மாதம் வேண்டும் என்று கேட்டுப் பெற்றேன்.

அந்த மதிலில் 2009ஆம் ஆண்டுப் போரின் எறிகணைச் சிதறல்கள் பட்ட ஓட்டைகள் இருந்தன, சிறிதும் பெரிதுமாகப் பத்தொன்பது. மாணவர்கள் அவற்றை அப்படியே விட்டு, அவற்றைச் சுற்றி வரைய விரும்பினார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. வரலாற்றைச் சீமெந்து பூசி மூடக்கூடாது என்று நான் அவர்களுக்கு ஆதரவாகப் பேசினேன். ஒரு மாலையில் அளவெடுத்துக்கொண்டு நின்றபோது, எதிர்வீட்டு அம்மா ஒருவர் பையோடு வந்து நின்றார்.

“பிள்ளையள், உந்த ஓட்டையளை முதல்ல அடையுங்கோ. சங்கக்கடைக்குப் போகேக்கையும் உதைத்தான் பாக்கிறன், வரேக்கையும் உதைத்தான் பாக்கிறன். இவ்வளவு வருசமாப் பாத்தாச்சு. எனக்குக் காணும்.”

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தபின் ஏஹேர்னின் கதையை மீண்டும் வாசித்தேன். 1991இல் அதே புரொங்ஸ் பகுதியில், பொலிஸ் நிலையம் ஒன்றுக்கு எதிரே, அயலைச் சேர்ந்த மூன்று இளையோரின் வெண்கலச் சிலைகளை அவர் நிறுவினார். அந்த அயலில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், அந்தப் பிள்ளைகளை நேசித்தவர். ஆயினும் அங்கு வாழ்ந்தோர் சிலர், தங்கள் பிள்ளைகளைப் பற்றி வெளியார் வைத்திருக்கும் தாழ்வான எண்ணத்தையே அவை உறுதிப்படுத்துகின்றன என்று எதிர்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் சிலைகளை அவரே அகற்றிவிட்டார். அவர் தோற்றார் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்டபத்துக்குள் இருக்கும் படத்தைப் பார்க்க விரும்பாதவர் உள்ளே வராமல் இருக்கலாம். வீதியில் உள்ள படத்திலிருந்து எதிர்வீட்டு அம்மா எங்கே போவார்? ஓட்டைகளை நிழற்படம் எடுத்து, இடமும் அளவும் குறித்து வாசிகசாலையில் வைத்துவிட்டு, அடைத்தோம்.

சென்னையில், நகரின் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியேற்றப்பட்ட கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020இல் தீட்டப்பட்ட பெரிய ஓவியங்களின் படங்களை மாணவர்கள் கைபேசியில் காட்டி, அதுபோல் ஒரு பெரிய முகம் வரையலாம் என்றார்கள். அவை அழகானவை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு முகத்தைப் பெரிதாக வரைந்தால், வழியால் போகும் ஒவ்வொருவரும் அதில் தம் வீட்டு முகத்தைத் தேடுவார்கள், கிடைக்காது. ஆகவே முகம் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக நின்றேன்.

எதை வரைவது என்று கடைசியில் சொன்னவரும் அந்த அம்மாதான். இடம்பெயர்வதற்கு முன்பிருந்த எங்கள் கடைத்தெருவைக் கீறச் சொன்னார். அதன் நிழற்படம் ஒன்றுகூட எவரிடமும் இல்லை. ஐந்து முதியவர்கள் வாசிகசாலைத் திண்ணையில் இருந்து நினைவிலிருந்து சொல்ல, மாணவர்கள் கரியால் மதிலில் குறித்தார்கள். தேநீர்க்கடை, சலூன், சைக்கிள் திருத்தும் கடை, தையற்கடை, பால் சேகரிக்கும் இடம். தையற்கடை முதலில் வருமா சைக்கிள் கடை முதலில் வருமா என்ற பிணக்குத் தீர ஒரு மாலை முழுதும் சென்றது. மாமரத்தின் கொப்பு எந்தக் கூரைக்கு மேலே சாய்ந்திருந்தது என்பதை ஒருவர் எழுந்து போய்த் தன் கையைச் சரித்துக் காட்டினார். கடைகளின் பெயர்ப்பலகைகளை எழுத அண்ணரை அழைத்தோம். அவற்றில் மூன்றை முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் மெய்யாகவே எழுதியவர் அவரே. அன்று எந்த எழுத்தை எந்த நிறத்தில் எழுதினாரோ, நிழல் எந்தப் பக்கம் விழ வைத்தாரோ, அதே எழுத்து, அதே நிறம், அதே நிழல். ஒரு பலகையில் அன்று ஒற்று விட்டு எழுதியதை இப்போது சேர்க்கவா என்று என்னைக் கேட்டார். விட்டபடியே எழுதச் சொன்னேன்.

வேலைமுறையில் நாங்கள் ஒரு பிழை விட்டோம், மற்ற ஊர்களில் இதைச் செய்ய எண்ணுவோருக்காக அதனையும் எழுதுகிறேன். ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்த சுவரில் எமல்ஷன் பிடிக்காது, சுண்ணாம்போடு சேர்ந்து செதிலாக உரியும். முழுச் சுவரையும் தகட்டால் சுரண்டிக் கழுவி, அடிப்பூச்சு அடித்தே தொடங்க வேண்டும். மேற்பகுதியை ஒழுங்காகச் சுரண்டிய நாங்கள், நாள் நெருங்கியதால் அடியில் ஒரு அடி உயரத்தை அவசரமாக விட்டுவிட்டோம். புதிதாகப் பூசிய சீமெந்துக்கு நான்கு வாரம் காய விட்டதனால் ஓட்டை அடைத்த இடங்கள் நன்றாகவே இருக்கின்றன. நிறத்திலும் கவனம் வேண்டும். மேற்குப் பார்த்த மதிலில் பளிச்சென்ற சிவப்புகளும் மஞ்சள்களும் சில ஆண்டுகளில் வெளிறிவிடும். காவி மண்ணின் நிறங்கள் வெளிறுவதில்லை. கூரை ஓடுகள், வீதி மண், சுவர்கள் எல்லாவற்றுக்கும் காவி வகைகளையே பயன்படுத்தினோம்.

கார்த்திகை மழையில் நான் பயந்தபடியே அடிப்பகுதி உரிந்தது, கடைத்தெருவின் வீதி முழுவதும். தை மாதத்தில் மாணவர்கள் திரும்பவும் சுரண்டிப் பூசினார்கள். இம்முறை எதிர்வீட்டு அம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வீதியோரத்தில் ஒரு பூவரசு நின்றதையும் கீறும்படி சொல்லிப் போனார். அது இப்போது நிற்கிறது.

மாசியில், காலபோக அறுவடை மும்முரமாக இருந்த ஒரு நாள், பாடசாலை விட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது மயில் பெட்டி என்னை முந்திச் சென்றது. நெல்மூட்டைகள் உயர அடுக்கி, மேலே இரண்டு பேர் இருந்தார்கள். வாய்க்கால் பாலத்தடியில் அது நின்றபோது அருகே போய்ப் பார்த்தேன். தோகையின் இடப்பக்கம் புதிதாக ஒரு கீறல் விழுந்திருந்தது. பலகையின் வலது மூலையில், மாம்பழத்துக்குக் கீழே, நான் எழுதிய பெயரட்டை அப்படியே இருந்தது. பெட்டிக்காரர் அதனைக் கழற்றாமல், மழையில் நனையாதபடி அதன்மேல் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து வைத்திருந்தார்.